பெயிண்டுக்கு முன்னால் நல்ல தண்ணீர்: கடலோர வீட்டுப் பழைய சாமான்கள், கேள்வி-பதில்

கேள்வி: போன வருஷம் எங்கள் இரும்பு பீரோவுக்கு நல்ல கம்பெனி எனாமல் பெயிண்ட் வாங்கி நாங்களே அடித்தோம். எட்டே மாதத்தில் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. குத்தினால் உள்ளே துரு. பெயிண்டில் குறை இல்லை என்கிறார் கடைக்காரர். போலிச் சரக்காக இருக்குமா? (மண்டபம்)

பதில்: மட்டமான பெயிண்ட் என்றால் பீரோ முழுக்க நிறம் வெளுக்கும், தொட்டால் கையில் மாவு ஒட்டும். அடிப்பக்கத்திலும் தகடு மடிந்த ஓரங்களிலும் மட்டும் கொப்புளித்தால் அடியில் உப்பு சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். எந்த எனாமலும் ஈரத்தை முழுசாகத் தடுக்காது. அடியில் உள்ள உப்பு அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அங்கே துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மேலே உள்ள படலத்தைத் தூக்கிவிடும்.

"கழுவித்தானே அடித்தோம்" என்பீர்கள். எந்தத் தண்ணீரில்? மண்டபம், பாம்பன் பக்கம் பல வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பைப் பூசிய மாதிரிதான். குடிக்க வாங்கும் காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ மூன்று குடம் ஒதுக்குங்கள். இந்த வேலையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத ஒரே செலவு அதுதான்.

முதலில் கொப்புளித்த பெயிண்டைத் தகரக் கரண்டியால் சுரண்டி, கம்பி பிரஷால் துருவைத் தேயுங்கள். அடுத்து 80 நம்பர் எமரி தாள், அதன்பின் 120. செதில் செதிலாக உரியும் துரு ஓர் இடத்தில்கூட மிஞ்சக் கூடாது. நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை முழுசாக உரிக்க வேண்டியதில்லை. பளபளப்பு மங்கும் வரை 220 போட்டுத் தேய்த்தால் போதும். இப்போது கழுவுங்கள்: ஒரு வாளிக்கு ஒரு கரண்டி சோப்புத்தூள், மடிப்பு ஓரங்களுக்குப் பழைய டூத்பிரஷ், பிறகு வெறும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை. தேய்ப்பதற்கு முன்னால் மட்டும் கழுவிவிட்டு நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு. துருவுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு தேய்த்த பிறகுதான் வெளியே வரும். உடனே துணியால் துடைத்து வெயிலில் காய விடுங்கள். மறுநாள் விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்திருக்க, ஓர் இடம் மட்டும் பிசுபிசுவென்று வியர்த்திருந்தால் அங்கே உப்பு பாக்கி. அந்த இடத்தை மறுபடி கழுவ வேண்டும்.

ஊசி ஓட்டை இருந்தால் எம்-சீல் (இரண்டு துண்டைப் பிசைந்து ஒட்டும் பசை) வைத்து அடையுங்கள். விரல் நுழையும் ஓட்டை என்றால் பட்டறையில் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் வழி. பட்டி வைத்து மறைத்தால் நிற்காது.

அடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர். அடிப்பாகத்துக்கும் கால்களுக்கும் இரண்டு கோட்டு, மற்ற இடத்துக்கு ஒன்று. பீரோவைப் படுக்க வைத்து அடித்தால்தான் அடிப்பாகத்துக்கு பிரஷ் போகும். பிரைமர் அடித்துவிட்டு "அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்று விடாதீர்கள். காற்றில் வரும் உப்பு அதன்மேல் படியும், படிந்ததன்மேல் எனாமல் அடித்தால் பழைய கதைதான். மறுநாளே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் முதல் கோட்டு எனாமல். ஒரு நாள் விட்டு, 320 நம்பர் தாளால் லேசாகத் தடவித் துடைத்து இரண்டாவது கோட்டு.

அளவு: ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோவுக்கு முன், பின், பக்கங்கள், மேல்பாகம் சேர்த்து சுமார் 63 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் டின் ஒன்றும் அரை லிட்டர் டின் ஒன்றும் போதும். பிரைமர் ஒரு லிட்டர். சுவரைப் பார்த்த பின்பக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள், ஈரம் அங்கேதான் தங்கும். கால்களுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டு வையுங்கள்.

கடைக்காரர் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால் பில்லும், பேட்ச் எண் தெரியும் டின்னும் வைத்திருக்கிறீர்களா பாருங்கள். இருந்தால் முதலில் கம்பெனிக்குப் புகார், பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு நிற்காது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: பாம்பன் புதுப் பாலத்துக்கு அடித்த பெயிண்டை வீட்டுச் சாமானுக்கு அடிக்கலாமா? (தங்கச்சிமடம்)

பதில்: 2025 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலத்துக்குப் போட்டது பாலிசிலாக்சேன் பூச்சு. அந்த வகைப் பூச்சுக்கு இரும்பைத் துகள் வீசி வெள்ளையாகச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு பாகமாக வரும் அதைக் கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் அடித்துத் தீர்த்தாக வேண்டும். எமரி தாளால் தேய்த்த கட்டிலுக்கு அது வீண் செலவு. அலைத் துளி நேராகத் தெறிக்கும் வாசல் கேட், ஜன்னல் கம்பிகளுக்கு மட்டும் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் வாங்கலாம். அதற்குக் காசு தகும்.

கேள்வி: படகுக்கு வாங்கிய பெயிண்ட் நாலு லிட்டர் மிச்சம். மர ஸ்டூல், பெஞ்சுக்கு அடிக்கலாமா? (இராமேசுவரம்)

பதில்: படகின் எந்தப் பாகத்துக்கு வாங்கியது? மேல்பாகத்துக்கு அடிக்கும் சாதாரண எனாமல் என்றால் தாராளமாக அடிக்கலாம். மேலே கட்டிய ஆடையை எடுத்துவிட்டு, பழைய புடவைத் துணியில் வடிகட்டுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே கொட்டலசு ஒட்டாமல் இருக்க அடிப்பது என்றால் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் தாமிரக் கலவை கலந்த நச்சு அது. இரும்பில் பட்டால் துருவை இன்னும் கூட்டும்.

கேள்வி: பாட்டி காலத்துத் தேக்குக் கட்டில், கறுத்துவிட்டது. வெள்ளை பெயிண்ட் அடிக்க ஆசை. (கீழக்கரை)

பதில்: அடிக்காதீர்கள். தேக்கின் எண்ணெயும் சாயமும் வெள்ளைக்குள் ஊறி மஞ்சள் திட்டு விழும். கறுத்திருப்பது பெரும்பாலும் பழைய வார்னிஷும் அழுக்கும்தான், அடியில் மரம் நன்றாக இருக்கும். 120, பிறகு 220 உப்புத்தாளால் மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, 150 கிராம் அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவைத்து, துணி உருண்டையால் நாலைந்து தடவை மெல்லியதாக ஏற்றுங்கள். வெந்நீர்ப் பாத்திரம் வைத்தால் வெள்ளைத் தடம் விழும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு இது ஆகாது, கட்டிலுக்குப் பொருத்தம். கட்டிலை வெள்ளையாகத்தான் பார்க்க வேண்டும் என்றால் அரக்கு இரண்டு கோட்டு, மர பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் எனாமல். அரக்கு சாயத்தைத் தடுக்கும்.

கேள்வி: நாற்காலிக்கு எனாமல் அடித்து ஒரு வாரம் ஆகியும் ஒட்டுகிறது. (தொண்டி)

பதில்: மூன்று காரணங்களில் ஒன்று: கெட்டியாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தது, மண்ணெண்ணெய் கலந்தது, சாயங்காலம் அடித்தது. எனாமலுக்கு டர்பன்டைன்தான், லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி. லாக்கருக்கு ஊற்றும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஊற்றினால் அடியில் உள்ள பழைய எனாமல் சுருங்கித் தோலாக எழும்பும். பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடியுங்கள், வீட்டில் கடல்காற்று படாத பக்கமாக. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்துக்காரர்கள் இந்த வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது. மாசி, பங்குனி தோது. இப்போது ஒட்டும் நாற்காலியை நாலு நாள் வெயிலில் வையுங்கள். அப்போதும் ஒட்டினால் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பழைய சாமான் கடையில் மரத் தொட்டில் வாங்கினோம். பெயிண்ட் உரிகிறது. (உச்சிப்புளி)

பதில்: வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தூசி பறக்கும். நெருப்புக் காட்டி உரிக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேயுங்கள். முகத்தில் மாஸ்க், குழந்தை வேறு வீட்டில், வழித்த சேறு பழைய சாக்கில் கட்டிக் குப்பைக்கு. கம்பிகளைக் குழந்தை கடிக்கும் என்பதால், ஈயம் சேர்க்கவில்லை என்று டின்னிலேயே அச்சிட்ட பெயிண்டாக வாங்கி அடியுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு மாதம் காற்றாட வைத்து, வாசனை முழுக்கப் போனபின் குழந்தையைப் போடலாம்.