அந்துருண்டை அலமாரியில் ஒரு கியூபா சுருட்டுப் பெட்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ஏற்காட்டில் பெரியப்பாவின் காபித் தோட்டத்து வீட்டை ஒழித்தபோது தேக்கு அலமாரிக்குள் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. டேவிடாஃப் நம்பர் 2. இருபத்தைந்து சுருட்டு கொள்ளும் பெட்டியில் பதினொன்று மீதி. அடியில் ‘ஹெச்சோ என் கியூபா’ (கியூபாவில் செய்தது) என்று மட்டும் சூடு போட்டிருக்கிறது. பக்கத்தில் மையில் இ, எல் என்று இரண்டு எழுத்து. ஓ, ஏ, யு, சி என்று நான்கு எழுத்து. கியூபாவில் செய்த டேவிடாஃப் இப்போது வருவதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

சுருட்டுகள் சருகாகக் காய்ந்திருக்கின்றன. இரண்டின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. அது நல்ல சுருட்டுக்கு அடையாளம் என்கிறார் ஒரு நண்பர். அதே அலமாரியின் கீழ்த்தட்டில் கம்பளியும் அந்துருண்டையும் இருந்தன.

எப்போதாவது திண்டுக்கல் சுருட்டு பிடிப்பவன் நான். இதை எப்படிப் பதத்துக்குக் கொண்டுவருவது? நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார் கூடும்போது ஆளுக்கொன்று பற்றவைக்கலாமா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மூன்று மாதம் பொறுங்கள். இத்தனை வருடம் காய்ந்து கிடந்த சுருட்டை அப்படியே பற்றவைத்தால் பத்து நிமிடத்தில் சூடேறி, கசந்து, வெளியே சுற்றிய மேலிலை வெடித்து முடிந்துவிடும். அதைப் பிடித்துவிட்டு ‘பழைய சுருட்டு இவ்வளவுதான்’ என்று தீர்ப்புச் சொல்வது அந்தச் சுருட்டுக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் பெட்டியைப் படிப்போம். கியூபாவில் 1985 முதல் தொழிற்சாலையையும் மாதத்தையும் குறியீடாகப் பெட்டியடியில் அடித்தார்கள். ‘நிவெலாகுசோ’ என்ற பத்தெழுத்துச் சொல்தான் சாவி. என் 1, ஐ 2, வி 3, இ 4, எல் 5, ஏ 6, சி 7, யு 8, எஸ் 9, ஓ 0. உங்கள் ஓ, ஏ, யு, சி என்பது 0687. அதாவது 1987 ஜூன். இ, எல் என்பது ஹவானாவின் எல் லகீட்டோ. கொஹீபா சுருட்டைச் சுற்றிய அதே தொழிற்சாலை. முழுக்கக் கையால் செய்தது என்று பொருள்படும் ‘டோட்டால்மென்டே ஆ மானோ’ என்ற வரி 1989இல்தான் சேர்ந்தது. உங்கள் பெட்டியில் அது இல்லாததும் இதோடு பொருந்துகிறது.

கியூபாக்காரர்களோடு தரம் பற்றிய சச்சரவு முற்றி, 1989இல் இந்தச் சுருட்டுக்குப் பெயர் கொடுத்த ஸீனோ டேவிடாஃப் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபா சுருட்டுகளை எரித்தார். 1991க்குப் பிறகு கியூபா டேவிடாஃப் சந்தைக்கு வரவில்லை. உற்பத்தி டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டது. ஆனால் பெயர் அதே நம்பர் 2, வளையமும் அதே வெள்ளை. பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டி அசலாக இருந்து உள்ளே பிந்தைய சுருட்டை யாராவது நிரப்பி வைத்திருக்கவும் கூடும். பதினொன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நீளம் 152 மி.மீ., குறுக்களவு 38/64 அங்குலம், ஏறக்குறைய 15 மி.மீ. இருக்க வேண்டும். காய்ந்ததில் அரை மி.மீ. சுருங்கியிருக்கலாம். அளவு மட்டும் ஊரைச் சொல்லாது. மேலிலையின் நிறமும் நரம்பும் பதினொன்றிலும் ஒரே குடும்பமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு தனியாகத் தெரிந்தால் அவற்றை ஒதுக்கிவையுங்கள்.

வயதைவிட அந்துருண்டைதான் எனக்குக் கவலை. புகையிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். காபி மூட்டையை மண்ணெண்ணெய்க்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் அடுக்கக் கூடாது என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். வாசனையே இல்லாத இரண்டு கண்ணாடி பாட்டிலை எடுங்கள். மேல் வரிசையிலிருந்து ஒரு சுருட்டு, அடி வரிசையிலிருந்து ஒரு சுருட்டு, தனித்தனியாகப் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் காபி குடிப்பதற்கு முன் திறந்து முகருங்கள். பழைய மரம், காய்ந்த புல், லேசான தேன் என்று வந்தால் நல்லது. அந்துருண்டை நெடி வந்தால், பெட்டியிலிருந்து வெளியே எடுத்து இருட்டான, வாசனையற்ற அறையில் இரண்டு வாரம் ஆறவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் நெடி இருந்தால் அதைப் பிடிக்கவே கூடாது. நாஃப்தலீன் புகை உடம்புக்கு ஆகாது, அந்தச் சுவையும் போகாது. பெட்டியை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பூப்பு பற்றி உங்கள் நண்பர் சொல்வது பரவலான நம்பிக்கை. இலையின் எண்ணெய் வெளியே வந்து படிகமாகிறது என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. பூஞ்சை என்றே வைத்துச் செயல்படுங்கள். பூதக்கண்ணாடியில் பஞ்சு போல எழும்பி, ஒரு பக்கமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மற்ற சுருட்டுகளிடமிருந்து விலக்கி, புது மேக்கப் பிரஷ்ஷால் பற்றவைக்கும் முனைப் பக்கமாகத் துடைத்து, பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மேலிலையில் மட்டும் இருந்து, துடைத்ததும் கறையில்லாமல் போனால் பிழைத்தது. பச்சையோ நீலமோ கலந்து கறை விட்டிருந்தால், அல்லது பற்றவைக்கும் முனையில் உள்ளிலைகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தால், அது உள்ளே போய்விட்டது. அதைக் காப்பாற்ற வேண்டாம்.

குண்டூசி துளைத்த மாதிரி ஓட்டை இருக்கிறதா, பெட்டி மூலையில் பழுப்புத் தூள் கிடக்கிறதா என்றும் பாருங்கள். புகையிலை வண்டின் வேலை அது. இருந்தால் எல்லாவற்றையும் இரட்டை ஜிப் பையில் போட்டு ஒரு நாள் ஃபிரிட்ஜில், நான்கு நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில், பிறகு அறையில். பை மூடியபடியே இருக்க வேண்டும். குளிர்ந்த சுருட்டின் மேல் நீர் கோத்தால் மேலிலை உரிந்துவிடும்.

இனி ஈரம். அவசரம் கெடுக்கும் இடம் இதுதான். மேலிலை வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. ஈரக் காற்று பட்ட மாத்திரத்தில் அது குடித்து விரியும். நடுவில் நெருக்கமாகக் கிடக்கும் உள்ளிலைக்கு அந்த ஈரம் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். ஒரேயடியாக ஈரத்தை ஏற்றினால் மேலிலை விரிந்து சுருக்கம் விழும். பிறகு உள்ளிலை உப்பும்போது, அதற்குள் விறைப்பை இழந்த மேலிலை தாங்காமல் நீளவாக்கில் வெடிக்கும். ஏற்காட்டு ஐப்பசி மூடுபனியில் பெட்டியைத் திறந்து வைத்துவிடலாமா என்று தோன்றும். செய்யாதீர்கள். ஈரத்துணி, பஞ்சு, ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு எதுவும் வேண்டாம்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, டிஜிட்டல் ஈரமானி ஒன்று, டப்பாவின் ஈரப்பதத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் போவேடா பொட்டலம் 49, 58, 62 சதவீதம் என்று மூன்று வகை. ஈரமானியை முதலில் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, கரையாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஜிப் பையில் அடைத்துப் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நான்கு குறைவாகக் காட்டுகிறது. அதைக் கூட்டிப் படியுங்கள்.

சுருட்டுப் பெட்டியை அதன் மூடியைச் சற்றே திறந்தபடி டப்பாவுக்குள் வைத்து, 49 பொட்டலத்தோடு இரண்டு வாரம், 58 போட்டு நான்கு வாரம், 62 போட்டு ஆறு வாரம். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். புதுச் சுருட்டுக்கு 65, 69 என்று சொல்வார்கள். இவ்வளவு மெல்லிய, இவ்வளவு பழைய சுருட்டு அந்த ஈரத்தில் இழுக்க அடைக்கும், அணைந்து அணைந்து போகும்.

நாள்களை எண்ணுவதைவிட எடையை நம்புங்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வைத்திருப்பார்கள். அதைப் போல ஒன்று போதும். மூன்று சுருட்டுக்கு நூலில் காகிதச் சீட்டுக் கட்டி, வாரம் ஒரு நாள் எடையைக் குறியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் எடை விறுவிறுவென ஏறும், பிறகு தயங்கும். அடுத்தடுத்த இரண்டு வாரம் வித்தியாசம் 0.02 கிராமுக்குள் நின்றால்தான் அடுத்த பொட்டலம். ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூடப் போகட்டும்.

டப்பா ஏற்காட்டு வீட்டிலேயே இருக்கட்டும். 1500 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சி உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. 18 முதல் 22 டிகிரிதான் வேண்டும். கணப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். சேலத்தில் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 33 தாண்டும். அந்தச் சூட்டில் வண்டு முட்டை பொரியும். கீழே எடுத்துவரத்தான் வேண்டுமென்றால் அதிகாலையில், டப்பா மூடியபடி, மடியில் வைத்து. இருபது கொண்டை ஊசி வளைவிலும் டிக்கியில் உருண்டால் மேலிலை மிஞ்சாது.

பிடிக்கும் நாள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பிரியாணி, ஊறுகாய், வெற்றிலை எதுவும் வேண்டாம். அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி கூடாது. தலைமுனையில் இலையை முறுக்கி விட்ட வால் இருந்தால் கிள்ளாதீர்கள். பழைய இலை அதோடு சேர்ந்து உரியும். உதட்டில் வைத்து அரை நிமிடம் ஈரமாக்கி, கூரான கத்தரியால் ஒன்றரை மி.மீ. மட்டும் வெட்டுங்கள். பற்றவைக்காமல் ஒரு இழுப்பு இழுத்து அந்தச் சுவையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சுருட்டில் மணம் மிஞ்சியிருக்கிறதா என்று பாதி இங்கேயே தெரிந்துவிடும். அடைத்தால் அழுத்திப் பிசையாதீர்கள். டப்பாவில் 58க்கு இறக்கி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடிந்த பிறகு. இல்லையேல் கேஸ் லைட்டர். சுடரைத் தொடவிடாமல் ஒரு செ.மீ. தள்ளி, சுழற்றிச் சுழற்றி முனை கருகட்டும். பிறகு ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. 38 அளவு மெல்லிய சுருட்டு சீக்கிரம் சூடேறும். சூடேறியதும் எல்லாச் சுவையும் கசப்பாகிவிடும். அந்தக் கசப்பு வயதினால் வந்ததா, உங்கள் அவசரத்தினால் வந்ததா என்று பிரிக்க முடியாது. கை வைத்துப் பிடிக்கும் இடம் சுட்டால் இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். மொத்தம் முக்கால் மணி நேரம். புகையை உள்ளிழுக்க வேண்டாம். இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் சுருட்டில் உண்டு என்பதை அண்ணன்மாருக்கும் சொல்லிவிடுங்கள்.

மதிப்பிடும்போது காரத்தைத் தேடாதீர்கள். திண்டுக்கல் சுருட்டுப் பழக்கத்தில் முதல் இழுப்பிலேயே ‘ஒன்றுமில்லை, சப்பென்று இருக்கிறது’ என்று தோன்றும். இத்தனை வருடத்தில் அமோனியா எப்போதோ போய்விட்டது, துவர்ப்பும் தணிந்துவிட்டது. எஞ்சியிருப்பது மணம். அது நாக்கில் இருப்பதைவிட மூக்கில்தான் அதிகம். ஆகவே புகையை வாயில் இரண்டு விநாடி நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விடுங்கள். சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். என்ன மணம்? இழுத்த பிறகு எத்தனை விநாடி வாயில் நிற்கிறது? போன பங்கிலிருந்து மாறியிருக்கிறதா?

உயிரோடு இருக்கும் பழைய எல் லகீட்டோ சுருட்டில் சந்தனப்பெட்டியைத் திறந்த வாசனை, காய்ந்த பூ, தேன், வறுத்த கொட்டை என்று மெலிதாக, ஒன்றின் பின் ஒன்றாக வர வேண்டும். இரண்டாம் பங்கில் சற்றே கனம் கூட வேண்டும். வாயில் அரை நிமிடமாவது தங்க வேண்டும். மூன்று பங்கும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி வாசனையாக, புகையை விட்டதும் மறைந்துபோனால் அது செத்த சுருட்டு. எண்ணெய் எல்லாம் பறந்துவிட்டது. ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க முடியாது. 1987 என்பதற்காகவோ, இனி கிடைக்காது என்பதற்காகவோ, பெரியப்பாவுடையது என்பதற்காகவோ ஒரு மார்க்கும் கூட்டாதீர்கள். வெளிச்சுற்றில் மட்டும் ஊசல் வாசனை, உள்ளே நன்றாக இருக்கிறது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

முதல் பங்கு வரை வெறும் தண்ணீர். அதற்குப் பிறகு சேர்வராயன் அராபிகா, சிக்கரி கலக்காமல், பால் விடாமல், பாதி டம்ளர். பால் நாக்கில் படிந்து இந்த மெல்லிய மணத்தை மறைத்துவிடும்.

ஒரு சுருட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அடி வரிசையில் ஒன்று, மூன்று வாரம் கழித்து மேல் வரிசையில் ஒன்று. இரண்டும் நன்றாக இருந்தால் அண்ணன்மாரைக் கூப்பிடுங்கள். மீதியை இன்னும் பத்து வருடம் பத்திரப்படுத்த நினைக்காதீர்கள். தடித்த சுருட்டு தாங்கும். இவ்வளவு மெல்லிய சுருட்டில் இனி ஏறுவது எதுவுமில்லை, இறங்கத்தான் செய்யும். இரண்டு வருடத்துக்குள் பிடித்து முடித்துவிடுங்கள். பாட்டில் சோதனையில் என்ன வாசனை வந்தது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.