மூன்றரை வயதில் ‘ரவுடி’ பட்டம்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது, ப்ரீ கே.ஜி. போகிறான். தள்ளிவிட்டான், கடித்துவிட்டான் என்று டைரியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அம்மா ‘அந்த ரவுடிப் பையன்’ என்றே போட்டுவிட்டார். மாமியார், “ஆம்பளப் பையன் அப்படித்தான்” என்கிறார். கணவர் பெல்ட்டைத் தேடுகிறார். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: முதலில் அந்தக் குரூப்பை மியூட்டில் போடுங்கள் அம்மணி. கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர், குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தவர். அடிப்பது, தள்ளுவதெல்லாம் 2 முதல் 4 வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்புறம் குறைந்துவிடும் என்கிறார். நர்சரி வகுப்பிலேயே காலம் தள்ளிய எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

மிஸ்ஸிடம் ‘என்ன செய்தான்’ என்று கேட்காதீர்கள், ‘எப்போது செய்தான்’ என்று கேளுங்கள். என் வகுப்பில் சண்டையெல்லாம் சறுக்குமர வரிசையில், ஸ்நாக்ஸ் டப்பா திறக்கும் முன்னால், வேன் வரக் காத்திருக்கும்போது. ஒரு பையன் மூன்று சக்கர சைக்கிளை யாராவது தொட்டால் மட்டும் கடிப்பான். பேச்சு தாமதமாக வந்த பிள்ளை. “என் டேர்ன்” என்று சொல்லப் பழக்கினோம். வாய் திறந்தது, கடி குறைந்தது. உங்கள் பையன் பேச்சில் பின்தங்கியிருந்தால் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

கடித்தால் முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனியுங்கள். பிறகு குனிந்து, இவன் கையைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குது பார். கடிக்க விடமாட்டேன்” என்றால் போதும். கடிபட்ட குழந்தைக்கு இவனையே தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். “சாரி சொல்லு” என்று மிரட்டினால் ரைம்ஸ் மாதிரி ராகம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவான். சாயங்காலம் வீட்டில் வைத்து விசாரணை நடத்துவதும் வீண்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. பேரன் விழுந்தால் தரையை அடித்து, “என் தங்கத்தையா தள்ளிவிட்டே?” என்கிறோமே, அதை நிறுத்தலாம். 1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சின்னப் பிள்ளைகள், தங்கள் முறை வந்ததும் அப்படியே அடித்தார்கள். ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனை அது. பெல்ட்டும் அதே பாடத்தைத்தான் நடத்தும். அது உங்கள் வீட்டுக்காரர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

கவலைப்பட வேண்டியது எப்போது? நோஞ்சானான ஒரு பிள்ளையையே தேர்ந்தெடுத்து, மிஸ் திரும்பும் நேரம் பார்த்து, திரும்பத் திரும்ப நோகடித்தால். அல்லது 5 வயது தாண்டியும் அடி குறையாவிட்டால். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் டி.ஈ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தை வளர்ச்சிக்கென்றே உள்ள மையம்; பரிசோதனைக்குப் பணம் கிடையாது.