அம்மாள் வருத்தமும் பிள்ளைத்தாய்ச்சி மகளும்

கேள்வி: மருமகனுக்கு நாலு நாளாக அம்மாள் வருத்தம். மகளுக்கு 26 வாரம், ஒரே வீட்டில் இருக்கிறா. மருந்து எடுத்தால் அம்மாள் கோபிப்பா என்று சம்பந்தி சொல்லுறா. பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று இன்டர்நெட்டில் கிடக்குது. என்ன சாப்பாடு குடுக்கலாம், எப்ப தண்ணி வார்க்கலாம்? கடையில் குளிசை வாங்கிக் குடுத்தோம். (ஒரு தாய், சங்கானை)

பதில்: அம்மா, மகளுக்குச் சின்ன வயதில் இந்த அம்மாள் வருத்தம், அதாவது கொப்பளிப்பான் (சின்னம்மை), வந்ததா? கடிதத்தில் அது இல்லை. வந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. வரவில்லை, அல்லது நினைவில்லை என்றால் இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் எடுங்கள். நேரே போய் மற்றக் கர்ப்பிணிகளோடு வாங்கில் இருத்திவிடாதீர்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. பரு தெரிந்த நாளிலிருந்துதான் நாம் அம்மாளைக் கணக்கெடுக்கிறோம். கிருமியோ அதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் எழுதும்போதே மகளுக்கு ஆறு நாள் போய்விட்டது. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லையென்று தெரிந்தால் போடும் இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்புச் சக்தி) ஊசிக்குப் பத்து நாள்தான் கெடு. ஊசியா, குளிசையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

தொற்றி 10 முதல் 21 நாளுக்குள் மகளுக்கு ஒரு பரு கண்டாலும் 24 மணித்தியாலத்துக்குள் டொக்டரிடம் காட்ட வேண்டும். இதற்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து கிருமி பெருகுவதைத்தான் தடுக்கும், பெருகி முடிந்ததைத் திருப்பாது. தண்ணி வார்த்த பிறகு பார்ப்போம் என்று இருந்தால் மருந்தின் நேரம் தவறிவிடும்.

நான் பயப்படுவது பிள்ளையைப் பற்றியல்ல, மகளின் நுரையீரலைப் பற்றித்தான். பரு போட்டபின் இருமல், நெஞ்சு நோ, ஒரு வசனம் கதைத்து முடிக்குமுன் மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் 1990 அம்புலன்சுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிக்கு வரும் நியுமோனியா உயிரைக் குடிக்கக்கூடியது. மருமகனுக்கும் இதே விதிதான், சிகரெட் பிடிப்பவரென்றால் இன்னும் கவனம்.

பிள்ளைக்கு ஊனம் என்பது முதல் 20 வாரத்துக்குள் தாய்க்கு வந்தால் யோசிக்கிற விஷயம். அப்போதும் நூற்றுக்கு ஒன்று இரண்டு பேருக்குத்தான். 26 வாரத்தில் அது மிக மிக அரிது. இன்டர்நெட்டில் அந்தப் படங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

சம்பந்தியோடு சண்டை வேண்டாம். மருந்தே இல்லாத பெரியம்மைக் காலத்துப் பயம் அது. அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 1980இலேயே அறிவித்தாயிற்று. படலையில் வேப்பிலை கட்டி ஆட்களை மறித்தது நல்ல வழக்கம்தான், அதைத் தொடருங்கள். ஆனால் டொக்டரையும் சேர்த்து மறிக்காதீர்கள். நேர்த்தியும் வையுங்கள், டொக்டர் தரும் குளிசையும் கொடுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை, மீனும் சாப்பிடலாம். குளிப்பதற்கு ஏழாம் நாள், ஒன்பதாம் நாள் பார்க்கவும் வேண்டாம். தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்த்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். உடைந்த கொப்புளத்தில் அரைத்த மஞ்சள் பூசாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், தழும்பு வருவது பெரும்பாலும் சொறிவதால்தான். மருமகனின் எல்லாப் பருவும் பொருக்குக் கட்டும்வரை மகள் வேறு அறையில் படுக்கட்டும்.

அந்தக் கடைக் குளிசை என்னவென்று எழுதவில்லை. பெயர் இல்லாத பொட்டலமென்றால் நிறுத்துங்கள். கடி குறைய ஸ்டீரொயிட்டும் நோவுக்கு டைகுளோபினாக்கும் கலந்து கொடுக்கிற கடைகள் உண்டு, இந்த நோயில் இரண்டுமே ஆகாது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். டொக்டரிடம் போகும்போது மிச்சப் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.