மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

கேள்வி: என் பெட்ரோல் காரின் டாஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் 'பி0171' என்று வந்ததால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். பத்தே நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. புதிய சென்சாரும் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, பழையதும் நன்றாகவே இருந்திருக்கக்கூடும். கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பது மட்டுமே அந்தக் குறியீட்டின் பொருள். எந்த உதிரிபாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. தூது வந்தவனைத் தண்டித்த கதையாகிவிட்டது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்று வகை நச்சுகளையும் ஒருசேர நீக்குவது, கலவை இந்த விகிதத்தை ஒட்டியே இருக்கும்போதுதான். அந்தக் காவலுக்காகவே 1976-இல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் முதன்முதலாக இடம்பெற்றது. வழக்கமான சென்சாரின் நுனியில் இருக்கும் சிர்கோனியா பீங்கான் நன்கு சூடேறிய பிறகு, புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டும், குறைந்தால் சுமார் 0.9 வோல்ட்டும் காட்டும். அதைப் பார்த்து இன்ஜினின் கணினியான ஈசியு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மில்லிவிநாடிக் கணக்கில் கூட்டியும் குறைத்தும் கொண்டே இருக்கும். பெட்ரோலைக் கூட்டிக்கூட்டித் தன் எல்லையைத் தொட்ட பிறகும் குறை தீரவில்லையென்றால்தான் உங்கள் குறியீடு பதிவாகும்.

ஆகவே, குறியீட்டைவிட அந்தத் திருத்தத்தின் அளவே துப்புக் கொடுக்கும். ஸ்கேனரில் 'ஃப்யூயல் டிரிம்' என்று சதவீதத்தில் வரும் எண் அதுதான். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது கூட்டல் 20 என்று நின்று, நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் 4 அல்லது 5-க்கு இறங்கினால், உறிஞ்சு குழாயில் எங்கோ வெடிப்பு விழுந்து கணக்கில் வராத காற்று நுழைகிறது எனலாம். வேகம் கூடும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றில் அந்தக் கசிவின் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றோட்டம் அளக்கும் சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் விரிசல் விட்டிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் இதே குறியீட்டை வரவழைக்கும். ஐடிலிங்கில் 'உஸ்' என்ற மெல்லிய ஓசை கேட்கிறதா என்று ரப்பர் குழாய்களின் மடிப்புகளில் காது கொடுத்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை அது.

கேள்வி: அந்த விளக்கு சில சமயம் தொடர்ந்து எரியாமல் மினுக்குகிறதே?

பதில்: அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை பற்றாமல் போகிறது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிந்து, அதன் உட்புறத்தையே உருக்கிவிடக்கூடும். வேகத்தைக் குறைத்து, அருகிலுள்ள பணிமனைக்கு மெதுவாகச் செல்லுங்கள். விளக்கு ஓயாமல் மினுக்கினால் ஓட்டவே வேண்டாம்.

ஈசியு இதைக் கண்டுபிடிக்கும் விதம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்கும் கருவி எதுவும் அதற்குத் தேவையில்லை. இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்தில், பல கார்களில், 60 பற்களுக்கு இடமிருந்தும் 58 மட்டுமே இருக்கும். அந்த இரண்டு பல் இடைவெளிதான் சுற்றின் அடையாளக்கல். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே கழியும் நேரத்தை ஈசியு அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது தண்டுக்கு ஓர் உந்துதல் கிடைக்க வேண்டும். அது தவறினால் அந்த இடத்தில் சுழற்சி கடுகளவு தாமதிக்கும். அந்தத் தாமதம் விழும் கோணத்தை வைத்தே, 'பி0303' என்றால் மூன்றாவது சிலிண்டர் என்று எண் சொல்லிக் காட்டிவிடுகிறது.

கேள்வி: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: பல கார்களில் அணையும். கூடவே ஈசியு கற்றுவைத்திருந்த திருத்தங்களும், பழுது நேர்ந்த கணத்தில் அது குறித்துவைத்த வேகம், வெப்பம், சுமை விவரங்களும் அழிந்துபோகும். முதல் கேள்விக்கு நான் சொன்ன ஃப்யூயல் டிரிம் துப்பு அந்தப் பதிவில்தான் இருக்கிறது. கழற்றுவதற்கு முன் ஸ்கேனர் திரையையாவது ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.