எம்.எஸ். (மூளை, முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) மருந்தை மாற்றும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிங்கோலிமோட் குளிசை எடுத்தும் இவ்வருடம் இரண்டு முறை நோய் கிளம்பிவிட்டது. இனி ரிடுக்சிமாப் மருந்தை நாளத்தில் ஏற்றலாம் என்கிறார்கள். குளிசையை நிறுத்தி எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? (வெள்ளவத்தை)

பதில்: ரிடுக்சிமாப் ஏற்றும் திகதி கைக்கு வரும்வரை குளிசையை நிறுத்தாதீர்கள். பிங்கோலிமோட் லிம்போசைட்டுகளை (ஒருவகை வெள்ளணுக்கள்) நிணநீர் முடிச்சுகளுக்குள் அடைத்து வைக்கிறது. நிறுத்தினால் ஒன்றிரண்டு மாதத்தில் அவை மறுபடி இரத்தத்துக்கு வரும். சிலருக்கு நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் இடைவெளி சுமார் 4 வாரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பொதுவான நடைமுறை. லிம்போசைட் எண்ணிக்கை முழுதாக வழமைக்கு வரட்டும் என்று காத்திருப்பதில் ஆபத்துத்தான் கூட.

பலருக்குச் சிக்கல் வருவது, குளிசையை விட்ட பிறகு பரிசோதனைக்கு ஓடுவதால். ரிப்போர்ட், ஸ்கான் திகதி, வாட்டில் கட்டில் என்று ஒவ்வொன்றாக இழுபட்டு மாதங்கள் போய்விடும். ஹெபடைடிஸ் பி, காசநோய், ஐ.ஜி.ஜி. (இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதம்) அளவு, புதிய எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் குளிசை எடுக்கும்போதே முடியுங்கள். ஹெபடைடிஸ் பி-யில் மேற்பரப்பு அன்டிஜென் (இப்போதுள்ள தொற்றைக் காட்டுவது) மட்டும் போதாது, கோர் அன்டிபொடியும் (முன்பு வந்த தொற்றையும் காட்டுவது) பார்க்க வேண்டும். அது மட்டும் பொசிட்டிவ் என்றாலும் ரிடுக்சிமாப் தூங்கும் வைரஸை எழுப்பக்கூடும். வைரஸ் தடுப்பு மருந்து தேவைப்படும். உயிரற்ற தடுப்பூசிகளை, ரிடுக்சிமாப் ஏற்றுவதற்குக் குறைந்தது 4 வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி: இன்டர்பெரோன் ஊசியிலிருந்து டைமெதில் பியூமரேட் குளிசைக்கு மாற எவ்வளவு இடைவெளி? (தெஹிவளை)

பதில்: இரத்த எண்ணிக்கையும் ஈரல் பரிசோதனையும் சரியென்றால் இடைவெளியே வேண்டாம். முதல் 7 நாள் 120 மி.கி. இரு வேளை, பிறகு 240 மி.கி. இரு வேளை. வெறும் வயிற்றில் போடாதீர்கள். முகம் சிவந்து எரிவது சாப்பாட்டோடு எடுத்தால் குறையும்.

கேள்வி: டெரிபுளுனோமைட் எடுக்கிறேன், குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். நிறுத்தினால் போதாதா? (கொட்டாஞ்சேனை)

பதில்: போதாது. கருவைப் பாதிக்கக்கூடிய இந்த மருந்து உடலிலிருந்து தானாக வெளியேற சிலருக்கு 2 வருடம்கூடப் பிடிக்கும். கொலெஸ்டிரமைன் (மருந்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும் தூள்) 8 கிராம் நாளுக்கு 3 வேளை, 11 நாள் கொடுத்து வெளியேற்றுவார்கள். வயிறு தாங்காவிட்டால் 4 கிராம். இது மற்றக் குளிசைகளையும் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், கருத்தடை மாத்திரை உட்பட. ஆகவே அந்நாட்களில் வேறு தடுப்புமுறை வேண்டும். குறைந்தது 14 நாள் இடைவெளியில் இரண்டு இரத்தப் பரிசோதனையிலும் டெரிபுளுனோமைட் அளவு லீட்டருக்கு 0.02 மி.கி.-க்குக் கீழ் வந்த பிறகே கர்ப்பத்துக்கு முயலலாம். அடுத்த மருந்து எது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: டெங்குக் காய்ச்சலில் பழையபடி கால் மரத்தது. பிங்கோலிமோட் வேலை செய்யவில்லையா? (தெமட்டகொட)

பதில்: உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் தலைகாட்டும், காய்ச்சல் இறங்க அவையும் இறங்கினால் அது புதிய தாக்கமல்ல, மருந்தை மாற்றத் தேவையில்லை. காய்ச்சலோ வேறு தொற்றோ இல்லாமல் 24 மணிநேரத்துக்கு மேல் நீடித்தால்தான் சந்தேகம். வாட்டில் பிங்கோலிமோட் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், டெங்கைப் போலவே இதுவும் வெள்ளணுக்களைக் குறைக்கும். வலிக்கு பரசிட்டமோல் மட்டும். ஐபுபுரோபென், டைக்ளோபெனக் வேண்டாம். குளிசையை 14 நாளுக்கு மேல் விட்டிருந்தால் வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள். முதல் நாள்போல 6 மணிநேரம் நாடித்துடிப்பைக் கண்காணித்தே மீண்டும் ஆரம்பிப்பார்கள்.