ஊசிக்காக வயலை விற்க வேண்டாம்

முக்கூடல் வாசகிக்கு,

அம்மாவின் பக்கவாதத்தைப் பற்றியும், வயலை விற்று ஸ்டெம்செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போடலாமா என்றும் விரிவாக எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். போன வாரம் சாப்பிடும்போது அவர்களுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குளறி, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது என்று. இன்றைக்கே அவர்களைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மீதிக் கடிதத்துக்கான பதிலை வந்து படித்துக்கொள்ளலாம்.

தானாகச் சரியானதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி வந்து அடைத்து, விலகிப் போயிருக்கும் என்றுதான் ஒரு டாக்டர் முதலில் நினைப்பார். இப்படி வந்து போனவர்களுக்கு முழு அடைப்பு வரும் ஆபத்து அடுத்த சில நாட்களிலேயே அதிகம். இந்த நேரத்தில்தான், ஸ்டெம்செல் ஊசி போடப் போகிறோமே என்று, ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் உங்கள் தம்பி நிறுத்தி வைத்திருக்கிறார். யாரைக் கேட்டு நிறுத்தினார்? பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கி ஈடுகட்டவும் வேண்டாம்.

இனி எப்போது முகம் கோணினாலும், கை தொய்ந்தாலும், பேச்சு குளறினாலும், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சரியாகிறதா என்று உட்கார்ந்து பார்க்காதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. போன தடவை புறா ரத்தம் தேய்ப்பதிலேயே ஒரு பகல் போய்விட்டது என்று நொந்து எழுதியிருக்கிறீர்கள். அதையே நினைத்து மருகுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கொட்டாவி விடும்போது, செயலிழந்து விழுந்த கை தானாக மேலே எழும்புவது பக்கவாதம் வந்தவர்களிடம் நாங்கள் பார்ப்பதுதான். கெடுதல் இல்லை. தம்பி நினைப்பதுபோல அது அவர் கொடுக்கும் மாத்திரையின் வேலையும் இல்லை.

அந்த மாத்திரைக்கு வருகிறேன். தம்பி மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கித் தருவது ஃப்ளூஆக்ஸெட்டின், மனச்சோர்வுக்கான மாத்திரை. 2011-இல் பிரான்சில் 118 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அது கை கால் அசைவுக்கு உதவியதாகத் தெரிந்தது. தம்பி பார்த்த வீடியோ அதோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. 2018-இல் பிரிட்டனில் 3000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வின் முடிவு வந்தது; அதில் பாதிப் பேருக்கு இதை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேறியதில் எந்த வித்தியாசமும் இல்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வு குறைந்தது உண்மை. அம்மா அடிக்கடி அழுகிறார்கள் என்று எழுதியிருப்பதால், ஒருவேளை வேறு காரணத்துக்காக அது தேவைப்படலாம். அதை அங்கே இருக்கும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

சரி, ஸ்டெம்செல் ஊசி. வயலை விற்றாவது அதைப் போடாவிட்டால் அம்மாவை நீங்களே கைவிட்டதாக ஆகிவிடுமோ என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அப்படி ஆகாது. வீடியோவில், ஊசி போட்ட பக்கவாத எலி எழுந்து நடந்தது பொய்யில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இளவயது எலிகள். சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவை. அடைப்பை உண்டாக்குவதே ஆய்வாளர்தான், அதனால் எந்த நிமிடம் மருந்து போடுவது என்பதும் அவர் கையில் இருக்கிறது. எலியின் மூளை 2 கிராம், மனித மூளை 1300 கிராமுக்கு மேல். 2006-இல் ஒரு தொகுப்பாய்வு, பக்கவாதத்துக்காக ஆய்வுக்கூடங்களில் முயன்றுபார்த்த 1026 சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. மனிதர்களிடம் பலன் தந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் நாட்டிலேயே எலும்பு மஜ்ஜை ஸ்டெம்செல்லை 120 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். தீங்கு இல்லை, பலனும் இல்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதலின்படி இதை முறையான ஆய்வுக்கு வெளியே போடக்கூடாது. ஆய்வு என்றால் உங்களிடம் பணம் வாங்கக்கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

விலங்கு ஆய்விலிருந்து மனிதர்களுக்கு வந்து பலித்த ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவு அதிகமில்லை. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் குரங்கின் ஒரு கைக்கு உணர்ச்சி நரம்புகளைத் துண்டித்தார். குரங்கு அந்தக் கையைத் தொங்கவிட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டி வைத்ததும், வேறு வழியில்லாமல் தொங்கிய கையை நீட்டி உணவை எடுத்தது. இதே முறையை அமெரிக்காவில் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களிடம் சோதித்து, 2006-இல் வெளியிட்டார்கள். நல்ல கையைப் பயன்படுத்த முடியாதபடி அதற்கு உறை, விழுந்த கைக்கு இரண்டு வாரம் தினமும் மணிக்கணக்கில் வேலை. கை தேறியது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றிருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் இது. அம்மா நிமிர்த்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், நாலு மாதம்தான் ஆகிறது. நேரம் தப்பிவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். அவர்கள் பீடி சுற்றிய கை. நல்ல கைக்கு உறை போட்டு, சுளகை மடியில் வைத்து, தூள் இல்லாமல் வெறும் இலையைக் கொடுங்கள். முதலில் ஒவ்வொரு இலையாக எடுத்து அடுக்கட்டும். பிறகு சுருட்டட்டும். நூல் சுற்றுவது கடைசியில் வரட்டும். கீழே விழுந்தால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்களே எடுக்க வேண்டும். நடக்கும்போதும் அடுப்புப் பக்கம் போகும்போதும் நல்ல கையின் உறையைக் கழற்றிவிடுங்கள். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் உங்கள் வீட்டுக்கே வருவார், பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வரும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.