பைக்குள் நீலமா, வெளியே நீலமா?

அன்புள்ள ஐயா,

முதுகலை வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமீனையும் 200 டிகிரியில் ஐந்து மணி நேரம் சூடாக்கி கார்பன் நானோ துகள்கள் செய்தேன். புற ஊதா விளக்கில் அருமையான நீலம். அகச்சிவப்பு நிறமாலையில் 3400 செ.மீ.⁻¹-லும் 1640-லும் பட்டைகள் இருப்பதால், மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகளான ஹைட்ராக்சிலும் கார்பனைலும் இருப்பதாக எழுதிவிட்டேன். எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ் கதிர் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களை வைத்து என்னென்ன தனிமங்கள், எப்படிப் பிணைந்துள்ளன என்று அறியும் சோதனை) கட்டாயம் வேண்டும் என்கிறார் வழிகாட்டி. கட்டணம் கையைக் கடிக்கிறது. அவசியந்தானா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அவசியந்தான். ஆனால் அதற்கு முன் காசு அதிகம் கேட்காத இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன.

நீங்கள் சொல்லும் இரண்டு பட்டைகளும் தண்ணீருக்கும் உண்டு. ஐப்பசி மழையில் ஒருநாள் மாதிரியே சேர்க்காமல் அகச்சிவப்பு சோதனைக்கு மாதிரியைக் கலக்கும் உப்பான பொட்டாசியம் புரோமைடை மட்டும் வில்லையாக அழுத்திப் பார்த்தேன். 3400-ம் 1640-ம் வந்து நின்றன! உப்பு குடித்த ஈரம் அது. போதாததற்கு, உங்கள் கலவையில் உருவாகும் அமைடும் 1650-ஐ ஒட்டியே வரும். கார்பாக்சிலைத் தேடுவதானால் 1710 பக்கம் போங்கள். மாதிரியில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, நன்றாக உலர்த்தி, மறுபடி எடுங்கள். 1710 தேய்ந்து 1580 அருகே புதிதாக ஒன்று எழுந்தால் கார்பாக்சில் என்று நம்பலாம்.

அடுத்தது கழுவுவது. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். சிட்ரிக் அமிலமும் எத்திலீன் டைஅமீனும் சேர்ந்தால் பிரிடின் வளையம் கொண்ட ஒரு சிறு மூலக்கூறும் பிறக்கும். அதுவும் நீலமாகத்தான் ஒளிரும். சிறு மூலக்கூறுகளை வெளியே விட்டு, துகள்களை உள்ளேயே நிறுத்தும் டயாலிசிஸ் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் வையுங்கள். வெளித் தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதையும் விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள். நீலம் முழுவதும் வெளியே வந்துவிட்டால், நீங்கள் இதுவரை அளந்தது துகளின் மேற்பரப்பை அல்ல.

2007-இல் மெழுகுவர்த்திப் புகைக்கரியிலிருந்து ஒளிரும் துகள்களை எடுத்தவர்கள், கரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தார்கள். நம் வீட்டு விளக்குக் கரியைத் தண்ணீரில் தூவினால் ஒட்டாமல் மிதக்கும். அமிலத்தில் கொதித்த கரியோ தண்ணீரோடு கலந்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிவது இப்படித்தான்.

இனி எக்ஸ்.பி.எஸ். அது மேலிருந்து சுமார் 10 நானோமீட்டர் ஆழம் வரை பார்க்கும். உங்கள் துகளே 3, 4 நானோமீட்டர் என்றால் உள்ளும் புறமும் சேர்ந்துதான் பதிவாகும். அதை 'மேற்பரப்பு' என்று எழுதாதீர்கள். இன்னொரு தொல்லை, 284.8 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும், காற்றிலிருந்து எந்தப் பரப்பிலும் படியும் அழுக்குக் கார்பனை வைத்து அளவுகோலைச் சரிசெய்யும் வழக்கம். மாதிரியே கார்பன் எனும்போது எதை எதோடு ஒப்பிடுவது? கார்பனோடு நைட்ரஜன், ஆக்சிஜன் வரைபடங்களையும் கேட்டு வாங்குங்கள். மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன் அந்த வெளித் தண்ணீரின் நிறத்தை எனக்கு எழுதுங்கள்.